ஜியோமெட்ரிக்கு லைன் கிளியர் இல்லை

பரீட்சைக்கு எட்டு மாதம் இருக்கும்போதே ஒருவன் பயப்பட ஆரம்பித்துவிட்டால் அவனைப் பொறுப்பான பையன் என்பார்கள். நான் எட்டு மாதமும் ஒரு நாள் விடாமல் பயந்தேன். காலையில் கண் விழித்ததும் வயிற்றுக்குள் ஒரு பல்லி ஓடும். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளை இறக்கும்போது கொஞ்சம் நிற்கும். சாயங்காலம் புத்தகத்தின் முதுகைப் பார்த்ததும் மறுபடி ஓடும். என் வாழ்க்கையில் இத்தனை ஒழுங்காக நான் வேறு எதையும் செய்ததில்லை. பயந்தேனே தவிர, படிக்கவில்லை.

அது சீனியர் பரீட்சைக்கு நான் இரண்டாம் தடவை உட்கார வேண்டிய வருஷம். முதல் தடவை எந்தப் பாடத்தில் விழுந்தாய் என்று கேட்டவர்களுக்கு, எதில் விழவில்லை என்று சொல்லிவிடுவேன்; அது சுருக்கம். பூகோளம். அதுவும் மலேயாவின் படம் போடச் சொன்னார்கள் என்பதால். வயதும் ஏறிவிட்டிருந்தது. பெரிய வாத்தியார், அதாவது எங்கள் வெள்ளைக்காரத் தலைமையாசிரியர், என் உதட்டுக்கு மேல் முளைத்திருந்ததை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரே தடவை" என்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் எனக்கு இடமில்லை.

அப்பா கிள்ளான் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பெரிய கிராணி; கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்குத் தலைவர். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். வேலையில் இருந்தவர்களே மூச்சு விடப் பயந்தார்கள். அந்த நேரத்தில் அப்பா துரையிடம் கெஞ்சி, ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் ஒரு சின்னக் கிராணி வேலையை எனக்காகச் சொல்லிவைத்தார். வருஷக் கடைசியில் அது காலியாகப் போகிறது. இப்போதே வந்து தோட்டத்தைப் பழகிக்கொள் என்று எழுதினார்.

குறுக்கே நின்றவள் அக்கா. அவள் வீட்டில்தான், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில், நான் தங்கிப் படித்தேன். கடிதம் வந்த வாரமே கிள்ளானுக்கு வண்டியேறிப் போய் அப்பாவிடம், "இந்த வருஷம் அவன் பாஸாவான். நான் ஜவாப்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அவர் ஒத்துக்கொண்டார்: பாஸானால் நான் வேண்டியதைப் படிக்கலாம், பெயிலானால் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு.

அக்கா திரும்பி வந்து குடையை மூலையில் வைத்தபடி சொன்னாள்: "எம் மானத்த உங்கிட்ட குடுத்திருக்கேன். பத்திரமா வெச்சிக்க."

நான் பென்சிலைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

எல்லாப் பாடத்திலும் எனக்குப் பெரிய எதிரி ஜியோமெட்ரி. அந்தப் புத்தகத்தை நான் திறக்காமல் வைத்திருந்த பக்குவத்தைப் பார்த்தால், கடையில் கொடுத்தால் புதுசு என்று வாங்கிக்கொள்வார்கள். தினமும் சாயங்காலம் அதை மேஜையில் எடுத்து வைப்பேன். வைத்ததும் மேஜை ஆடுவது தெரியும். காலுக்கு அட்டை மடித்து வைக்க வேண்டும். அதற்குள் மழை தூறும், கொடியில் துணி இருக்கும், நான் நல்ல பிள்ளையாக ஓடிப்போய் எடுப்பேன். துணியை மடித்து வைப்பேன். "எந்தம்பி மாதிரி பொம்பளப் பிள்ளகூட வேல செய்யாது" என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வாள். ஆறரை மணிக்கு, இனிமேல் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வந்துவிடும் என்று புத்தகத்தை உள்ளே வைப்பேன். பல்லி ஓடும்.

அத்தான், அக்கா வீட்டுக்காரர், கிள்ளான் லைனில் ரயில் கார்டு. வீட்டில் நேரத்தோடு இருக்கும் ஒரே ஆள். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார். ஒரு தடவை ஸ்டேஷன் ஆபீஸில் கழித்துப் போட்ட பெரிய தாள் ஒன்றை அலமாரித் தட்டில் விரிக்கக் கொண்டுவந்தார். அதில் இடப்பக்கம் ஸ்டேஷன் பெயர்கள்: கோலாலம்பூர், பெட்டாலிங், சுங்கைவே, பத்து தீகா, கிள்ளான். மேலே மணிக் கணக்கு. நடுவில் சாய்சாய்வாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு வண்டி. எந்த வண்டி எந்த நிமிஷம் எங்கே இருக்கும் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அலமாரியில் டம்ளரை எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றியது.

அதே மாதிரி என் படிப்புக்கு ஒரு அட்டவணை போட எனக்கு நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் படிக்கவில்லை. படிப்பதற்கான ஏற்பாட்டில் இருந்தேன். சிவப்பு மையில் திட்டம். உண்மையில் எப்படி ஓடியது என்பதை நீல மையில் பக்கத்திலேயே போட வேண்டும். பாடங்கள்தான் வண்டிகள். இங்கிலீஷ் பாசஞ்சர், சரித்திரம் கூட்ஸ். கஷ்டமானது முதலில் போகட்டும் என்று ஜியோமெட்ரியை மெயிலாக்கி, எல்லாவற்றுக்கும் முன்னால் மாலை ஐந்து மணிக்குப் புறப்பட வைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ரயில்வே வீட்டில் இருந்ததால் ரயில்வே விதியும் தெரியும். கிள்ளான் லைன் ஒற்றைத் தண்டவாளம். எதிரும் பின்னும் வண்டி மோதாமல் இருக்க ஒரு ஏற்பாடு: ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வளையத்தில் டோக்கனை மாட்டி டிரைவரிடம் கொடுப்பார். அது கையில் இருக்கிற வண்டிக்குத்தான் லைன் கிளியர், அதாவது அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதி. அது போய்ச் சேர்ந்து டோக்கனைக் கொடுக்கும் வரை வேறு வண்டி அந்தப் பாதையில் நுழையக்கூடாது. இந்த விதியை நான் படிப்புக்கு வைத்தேன். அடுக்களையில் பானைக்கு அடியில் வைக்கும் கயிற்றுப் பிரிமணையைக் கொண்டுவந்து, ஜியோமெட்ரிப் புத்தகத்தின் மேல் டோக்கனாக வைத்தேன். ஜியோமெட்ரி முதல் பகுதி முடிந்தால்தான் பிரிமணை அல்ஜீப்ராவுக்குப் போகும்.

இன்னொரு விதியும் உண்டு. ஐந்து மணி வண்டி ஐந்து மணிக்குத்தான் புறப்பட வேண்டும். ஐந்து பத்துக்கு நான் மேஜைக்கு வந்தால் வண்டி போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த வண்டி நாளை ஐந்து மணிக்கு.

ஐந்து மணிக்கு நான் மேஜையில் இருந்த நாள் அந்த மாதத்தில் ஒன்று. அன்றைக்குப் பேனாவில் மை இல்லை.

"எங்கடா பிரிமணை? சோத்துப் பானை உருளுது!" என்று அக்கா உள்ளேயிருந்து கத்துவாள்.

"டோக்கன்க்கா. எடுக்கக் கூடாது."

"ஒரு பானை வெக்க வழியில்லாத வீட்டுல இவருக்கு டோக்கனு. கட்டையத்தான் முட்டுக் குடுத்திருக்கேன். படி, படி."

படிக்கிறேன் என்று நம்பினாள். அதுதான் என்னைத் தின்றது.

என் வகுப்பில் ஒரு கூட்டாளி இருந்தான். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா ரயில்வே பட்டறையில் தச்சர், வீட்டில் ஏழு பிள்ளைகள். அவனும் இதே பரீட்சைக்கு உட்காருகிறான், ஆனால் முதல் தடவை. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தான்.

"செவப்புக் கோடெல்லாம் சரி. நீலக் கோடு எங்க?"

"இன்னும் வண்டி ஓடல."

"எப்பலேருந்து?"

"ஏப்ரல்லேருந்து."

"இப்ப ஜூலைடா."

"ஜியோமெட்ரிக்கு லைன் கிளியர் கெடைக்கல. அது போகாம மத்தது எப்படிப் போவும்?"

அவன், "ஏன்டா, நீ ஸ்டேஷன் மாஸ்டரா, டிரைவரா, இல்ல தண்டவாளத்துல படுத்திருக்கிற எருமையா?" என்று கேட்டுவிட்டு, மேஜையில் இருந்த முறுக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சிரித்தேன். அவன் போனதும் பயந்தேன். ஒரு பாடத்தைத் தள்ளிப் போட்டவன் ஆறு பாடத்தையும் சட்டப்படி தள்ளிப் போடும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பிரிமணையை எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால் விதி போய்விடும். விதி போய்விட்டால் மிச்சம் இருப்பது நானும் என் சோம்பேறித்தனமும்தான்; இரண்டு பேரும் தனியாக ஒரு அறையில் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் காலை வண்டியில் டூட்டி முடித்து வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "கிள்ளான் பிளாட்பாரத்துல ஒங்கப்பாவப் பாத்தேன். அடுத்த வண்டிக்கி டிக்கெட் வாங்கிட்டு நிக்கிறாரு. படிப்பு எப்படிப் போவுதுன்னு பாக்க வர்றாராம்" என்றார்.

அடுத்த வண்டி வந்து, அப்பா நடந்து வர, ஒரு மணி நேரம் இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு நீல மையை எடுத்தேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை எல்லா வண்டியையும் ஓட்டினேன். ஜியோமெட்ரி மெயில் புறப்பட்டது, போய்ச் சேர்ந்தது. அல்ஜீப்ரா பின்னாலேயே போனது. எல்லாமே சரியான நேரத்தில் ஓடினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அங்கங்கே தாமதம் சேர்த்தேன். கார்டு எழுதுகிற மாதிரி காரணமும் எழுதினேன்: 'இங்கிலீஷ், 12 நிமிஷம், மழை.' 'சரித்திரம், 20 நிமிஷம், தலைவலி.' ஓரிடத்தில் 'விருந்தாளி' என்றும் போட்டேன். அந்த வருஷத்தில் நான் ஒரே மூச்சில் உட்கார்ந்து நேரத்துக்குள் முடித்த முதல் வேலை அதுதான்.

அப்பா வந்தார். பசியாறினார். என்னைப் பார்த்து, "படிக்கிறியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா அவர் கையைப் பிடிக்காத குறையாக அறைக்குள் கூட்டிப் போனாள்.

"அப்பா, இதப் பாருங்க. தெனம் தெனம் என்ன படிச்சான்னு கோடு போட்டு வெச்சிருக்கான். எனக்குப் புரியல, ஆனா நாலு நாளு குந்தி இதப் போட்டான். என் கண்ணால பாத்தேன்."

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முப்பது வருஷமாகப் பேர்ப் புத்தகமும் ஆள்கணக்கும் எழுதியவர். எழுதி வைத்ததை நம்புவது அவருக்கு மதம். விரலை வைத்து ஒவ்வொரு நீலக் கோடாகப் போனார். 'தலைவலி' என்ற இடத்தில் விரல் நின்றது.

"லேட்டானதக்கூட மறைக்காம எழுதியிருக்கான்" என்றார் அக்காவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி" என்றார்.

அப்பா என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நியாயமாகப் பார்த்தால் எனக்கு அங்கேயே பேச்சு வந்திருக்க வேண்டும். சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டதும் அவர் படுத்தார். எழுந்ததும் சொல்லலாம். எழுந்ததும் அவருக்கு வண்டி நேரமாகிவிட்டது. பிளாட்பாரத்தில் சொல்லலாம். பிளாட்பாரத்தில் கூட்டம். வண்டி நகர்ந்த பிறகு எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன.

பத்து நாளில் அக்கா பெயருக்கு அவர் கடிதம் வந்தது. அக்கா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், சத்தமாக வாசித்தாள். பையன் படிப்பைப் பார்த்து மனது நிறைந்தது, ஸ்டோர் வேலை இனி நமக்கு வேண்டாம் என்று துரையிடம் சொல்லிவிட்டேன், குடும்பத்தோடு கப்பலேற இருந்த ஒரு மண்டோரின், நம் கங்காணியின், மருமகனுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள், நல்ல காரியம் ஆயிற்று என்று எழுதியிருந்தார்.

அக்கா கடிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். மறுபடி கழுவினேன். விழுந்தால் விழுவதற்கு ஒரு இடம் இருந்தது. அதை வெறுத்துக்கொண்டே அதன் மேல் காலை வைத்துத்தான் இத்தனை மாதம் சோம்பேறியாக இருந்திருக்கிறேன். இப்போது கீழே ஒன்றும் இல்லை. அக்காவின் வார்த்தை மட்டும் இருந்தது, அதுவும் என் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு.

ஐம்பத்து மூன்று நாள் பாக்கி.

பயத்தில் புத்தி வந்து அன்றைக்கே படித்திருப்பேன் என்று நீங்கள் நினைத்தால் என்னை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. முதல் நான்கு நாள் எந்தப் பாடத்தில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன், அதனால் படிக்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது அத்தான் டூட்டிக் கதை பேசிக்கொண்டிருந்தார்.

"பத்து தீகாவுல டோக்கன் பெட்டி மக்கர் பண்ணிடுச்சு. எவ்வளவு இழுத்தாலும் டோக்கன் வரல. வண்டிய எத்தன நேரம் நிறுத்தி வெக்கிறது? கடைசியில ஒரு ஆளு கையில செவப்புத் துணியக் கட்டி, நீதான்டா டோக்கன்னு ஏத்தி விட்டாங்க. அந்த ஆளு ஏறினா வண்டி போவும். அவன் எறங்கினா நிக்கும். நாலு வண்டி அப்பிடியே ஓட்டினோம்."

"லேட்டுதானே?" என்றாள் அக்கா.

"முக்கா மணி லேட்டு. ஆனா போயி சேந்திடுச்சு. கொஞ்சம் ரசம் ஊத்து."

ரசம் ஊற்றிய பிறகு அவர் வேறு ஏதோ பேசினார். நான் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அவன் வாசல்படியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆறு பிள்ளைகள் ஒரு பூனைக்காகச் சண்டை போட்டன. அட்டவணை பொய் என்பதை, அப்பா வந்ததை, கடிதத்தை, எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"ஒங்க வீட்டுப் பின் வராந்தா சும்மாத்தானே கெடக்கு?"

"ஆமா."

"சத்தம் இருக்குமா?"

"அக்கா மட்டும்தான்."

"கோப்பி?"

"அக்கா போடுவா."

"நாளைலேருந்து வரேன். நான் எனக்குப் படிப்பேன். ஒனக்குச் சொல்லிக் குடுக்கல்லாம் மாட்டேன், எனக்கே நேரமில்ல. நான் குந்தியிருக்கிற வரைக்கும் நீயும் குந்தியிருக்கணும். அவ்வளவுதான்லா."

மறுநாள் நிஜமாகவே ஒரு சிவப்புக் கைக்குட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வந்தான். அந்தக் கதையையும் அவனிடம் உளறித் தொலைத்திருந்தேன்.

வந்த நேரம் நாலு ஐம்பது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கிறதே என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். புத்தகத்தைத் திறந்தேன். அடுத்த நாள் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று ஐந்து இருபத்தைந்துக்கு வந்தான். அன்றும் திறந்தேன். ஐந்து இருபத்தைந்துக்கும் ஒரு மனிதன் படிக்கலாம் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

"பென்சில் சீவிட்டு வரேன்."

"ஒங்கிட்ட மூணு பென்சில் இருக்கு. மூணும் சீவினது."

"தண்ணி குடிச்சிட்டு..."

"இப்பத்தான் கோப்பி குடிச்ச."

"மழை வருது. கொடியில துணி."

"அக்கா!" என்று கத்தினான் உள்ளே பார்த்து. "மழை வருதாம், துணிய எடுத்துக்கங்க!"

"தெரியும்பா, எடுத்தாச்சு!" என்று அக்கா பதில் கொடுத்தாள். என் பிழைப்பில் மண் விழுந்தது.

சும்மா உட்கார்ந்திருப்பது ஜியோமெட்ரியை விடக் கஷ்டம் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. வேறு வழியில்லாமல் முக்கோணத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. ஒரு தேற்றத்தை நான்கு தடவை எழுதிப் பார்த்தபின் அதன் நடுவில் ஏதோ நியாயம் இருக்கிற மாதிரி தோன்றியது. ஜியோமெட்ரி முடியட்டும் என்று காத்திருக்காமல், தலை சூடானதும் அல்ஜீப்ராவுக்குத் தாவினேன், அதுவும் பாதியில் நிற்க சரித்திரத்துக்கு. எல்லாம் அரைகுறை. பிரிமணையை அக்கா அடுக்களைக்குக் கொண்டுபோனதை நான் இரண்டு வாரம் கவனிக்கவேயில்லை.

பயம் குறையவில்லை. கூடியது. படிக்காதவரை எனக்குத் தெரியாதது எல்லாம் ஒரே மூட்டையாக இருந்தது. பிரித்த பிறகுதான் உள்ளே எத்தனை சாமான் என்று தெரிந்தது. பின் வராந்தாவில் உட்கார்ந்து நாட்களை எண்ணுவேன்: முப்பத்தொன்று, இருபது, பதினொன்று. எண்ணிக்கொண்டே இருந்தால் அவன் தலை நிமிராமல், "எத்தனை நாளுன்னு எனக்கும் தெரியும். படி" என்பான்.

ஜியோமெட்ரிப் பரீட்சையன்று வினாத்தாளை மூன்று நிமிஷம் குப்புறவே வைத்திருந்தேன். பழக்கதோஷம். திருப்பினபோது முதல் கேள்வியே தெரியாதது. இரண்டாவது தெரியாதது. மூன்றாவது, நான்கு தடவை எழுதிய அந்தத் தேற்றம். அங்கிருந்து ஆரம்பித்தேன். நடுவில் ஆரம்பித்து முன்னும் பின்னும் போய், மணி அடித்தபோது ஒரு கேள்வி பாதியிலும் ஒன்று தொடாமலும் நின்றது. வெளியே வந்து வாய்க்கால் ஓரம் வாந்தி எடுத்தேன். கூட்டாளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விடைத்தாள் சீமைக்குக் கப்பலில் போய் முடிவு வர மார்ச் ஆகும். டிசம்பரோடு கூட்டாளியின் அப்பாவுக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்து அவர்கள் போய்விட்டார்கள். நான் மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு உண்மையை எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தேன். பொங்கல் கழியட்டும் என்றேன். தைப்பூசம் கழியட்டும் என்றேன். முடிவு வந்ததும் சேர்த்து எழுதிவிடலாம் என்றேன். அக்காவிடமும் சொல்லவில்லை.

முடிவு வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று காலையில் ரோட்டில் போன ஒருவன் கத்திவிட்டுப் போனான். நான் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தேன். சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"போவலியா?"

"கூட்டம் கொறையட்டும்க்கா."

அவள் பேசாமல் உள்ளே போய்ச் சீலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "ஒன் நம்பர் என்னா?"

"முப்பத்தேழு. எதுக்கு?"

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் அந்தப் பள்ளிக்கூடத்துப் படி மிதித்ததில்லை. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். நான் இரண்டாவது சக்கரத்தைத் துடைத்தேன்.

முக்கால் மணி கழித்துத் திரும்பி வந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் நடந்த சிவப்பு மட்டும்.

"இருக்கு" என்றாள்.

"என்ன இருக்கு?"

"முப்பத்தேழு. தெளிவா இருக்கு. மூணும் ஏழும் எனக்குத் தெரியாதா?"

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வந்த உயிர் உடனே நின்றது. "எந்தத் தாள்லக்கா?"

"எந்தத் தாள்னா? ரெண்டு தாளு ஒட்டியிருக்கு."

எங்கள் பள்ளியில் பாஸானவர்களுக்கு ஒரு பட்டியல், பெயிலானவர்களுக்கு ஒரு பட்டியல். இரண்டிலும் நம்பர் இருக்கும்.

"வலப்பக்கமா, எடப்பக்கமா?"

அக்கா தன் இரண்டு கையையும் பார்த்தாள். அங்கே பலகையைப் பார்த்து நின்ற மாதிரியே நின்று பார்த்தாள். கை மேலே எழுந்து, இறங்கியது. "கூட்டமா இருந்திச்சுடா. நம்பரத்தான் பாத்தேன். தாளப் பாக்கல." அவள் கண் நிறைந்துவிட்டது. "நீ வந்திருக்கலாமில்ல?"

சைக்கிள் சங்கிலியைக் கழற்றிப் போட்டிருந்தேன். ஓடினேன். இடுப்பில் வேட்டி, கையெல்லாம் எண்ணெய், காலில் செருப்பு இல்லை. தார் ரோடு சுட்டது. ஆற்றுப் பாலத்தில் ஒரு மாட்டு வண்டிக்காரன், "என்ன தம்பி, வீடு பத்திக்கிச்சா?" என்று கேட்டது காதில் விழுந்தது. பள்ளிக்கூடக் கேட்டில் நிற்கவில்லை. பலகை முன்னால் யாருமில்லை. கூட்டம் குறைந்துதான் போயிருந்தது.

முதல் தாளின் மேலே பதினாறு. அது கூட்டாளியின் நம்பர், முதல் தரம். கண்ணைக் கீழே இறக்கினேன். இரண்டாம் தரம் முடிந்தது. மூன்றாம் தரம். கடைசிக்கு முந்தியது, முப்பத்தேழு. தலைப்பை இரண்டு தடவை படித்தேன். பக்கத்துத் தாளையும் படித்து, அதில் முப்பத்தேழு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு பலகையில் கை வைத்து நின்றேன். அந்த எண்ணெய்க் கைத்தடம் ரொம்ப நாள் அங்கே இருந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். அக்கா வாசலிலேயே இருந்தாள்.

"பாஸ்க்கா. மூணாம் தரம்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். என் காலைப் பார்த்து, "போயி காலுக்குத் தண்ணி ஊத்து" என்றாள்.

தண்ணீர் ஊற்றிவிட்டு, துடைக்காத காலோடு மேஜையில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு எழுதினேன். பாஸ், மூன்றாம் தரம் என்பது ஒரு வரி. மிச்சம் ஒரு பக்கம். அட்டவணையில் நீங்கள் விரல் வைத்துப் பார்த்த நீலக் கோடு எல்லாம் அன்று காலை ஒரு மணி நேரத்தில் போட்டது, மழையும் தலைவலியும் பொய், அக்காவுக்குத் தெரியாது, ஸ்டோர் வேலையை நீங்கள் விட்டது என்னால் என்று எழுதினேன்.

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப நான் அப்பாகிட்ட காட்டினது?"

"எல்லாம் பொய்க்கா."

"என்னை வெச்சுப் பொய் சொல்லியிருக்க."

"ஆமா."

அவள் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு, "பாஸாயிட்டியேடா. இத இன்னிக்கே எழுதணுமா?" என்றாள்.

"இன்னிக்கி எழுதலன்னா எழுதவே மாட்டேன்க்கா."

பேனாவை என் கையிலிருந்து பிடுங்கினாள். குனிந்து, அடியில் இரண்டு வரி எழுதினாள். நான் பார்க்கப் போனபோது கையால் மறைத்துக்கொண்டாள். மடித்து, உறையில் போட்டு, ஒட்டினாள். தபால் பெட்டி ரோட்டு முனையில்தான். நான் எழுந்தேன்.

"நீ குந்து" என்றாள் குடையை எடுத்துக்கொண்டு. "உங்கிட்ட குடுத்தா அடுத்த வாரம்தான் போவும்."